9.3 இரட்டைக்குழல் ரைஃபிள்: ஓர் ஆர்மரரின் மதிப்பீடு

என் அக்கா மகன் நமீபியாவில் ஒச்சிவரோங்கோ நகருக்கு அருகே, பண்ணைகளுக்குச் சூரியசக்தி நீரிறைப்பு அமைத்துத் தரும் பொறியாளராகப் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறான். அங்கே நிரந்தரக் குடியுரிமையும் முறையான துப்பாக்கி உரிமமும் பெற்றபின், நடுத்தர விட்டமுள்ள இரட்டைக்குழல் ரைஃபிள் ஒன்றை வாங்க விரும்பினான். ராணுவத்தில் இ.எம்.இ. எனப்படும் மின்னணு, இயந்திரப் பொறியியல் பிரிவில் ஆர்மரராக, அதாவது ஆயுதப் பழுதுநீக்குநராக, 24 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்று இப்போது தேன்கனிக்கோட்டையில் வசிக்கும் என்னை அதற்காகவே விமானச் சீட்டு அனுப்பி அழைத்துக்கொண்டான். நாங்கள் இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுத்த அந்த ரைஃபிள் இரண்டு வேட்டைப் பருவங்களைக் கடந்துவிட்டது. வாங்கிய கையோடு எழுதும் மதிப்பீட்டை நான் நம்புவதில்லை என்பதால் இதுவரை காத்திருந்து இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை கிடையாது. அஞ்செட்டி, பென்னாகரம் பகுதிக் காடுகளின் பெரும்பகுதி 2014-இல் காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாகவும் ஆகிவிட்டது. யானைக் கூட்டம் தளி, ஜவளகிரி வழியாகக் கேழ்வரகு வயலுக்குள் இறங்கும் மாதங்களில் நம் விவசாயிகள் படும் பாட்டை நான் அறிவேன். அதற்கான தீர்வு ரைஃபிள் அல்ல. நான் இங்கே எழுதுவது முழுவதும் வேட்டை சட்டப்படி நடைபெறும் ஒரு நாட்டில், அந்நாட்டு விதிகளுக்கு உட்பட்டுப் பயன்படுத்தப்படும் ஒரு கருவியைப் பற்றியது.

ஆனாலும் இரட்டைக்குழல் ரைஃபிளை நான் முதன்முதலில் கையில் எடுத்தது நம் ஊரில்தான். தேன்கனிக்கோட்டைக்கு அருகில் ஒரு பழைய குடும்பத்தில், தாத்தா காலத்திலிருந்து உரிமத்தோடு வந்த .450/400 (அங்குலக் கணக்கு) விட்டமுள்ள இங்கிலாந்து ரைஃபிள் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்பு அதை ஒப்படைத்துவிட்டு, முடிவு வந்தபின் திரும்பப் பெறுவார்கள். பெற்ற மறுநாளே என்னைக் கூப்பிடுவார்கள். ஈரம் பட்ட அறையில் மாதக்கணக்கில் சாத்தி வைத்திருந்த துப்பாக்கியில் இரண்டு குழல்களுக்கும் நடுவிலுள்ள பட்டையின் ஓரத்தில்தான் முதலில் துரு பிடிக்கும். திண்ணையில் கோணிச்சாக்கை விரித்து, குழல்களைக் கழற்றி, அடியிலுள்ள கொக்கியில் விரலை நுழைத்துத் தொங்கவிட்டு, விரல் முட்டியால் லேசாகத் தட்டுவேன். பட்டை முழு நீளமும் ஈயப்பற்றில் உறுதியாக ஒட்டியிருந்தால் கோயில் சேகண்டியைப்போல நீண்ட ஓசை எழும். எங்கேனும் பற்று விட்டிருந்தால் விரிசல் விட்ட பானையைத் தட்டியதைப்போல மொத்தென்று அடங்கிவிடும். நூறு ஆண்டுகளைத் தாண்டிய அந்தக் குழல்கள் இன்றும் நீளமாக ஒலிக்கின்றன. 2019-இல் சட்டம் திருத்தப்பட்டு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று வந்தபோது, அந்த வீட்டார் ரவைத் துப்பாக்கி ஒன்றை ஒப்படைத்துவிட்டு இந்த ரைஃபிளை வைத்துக்கொண்டார்கள். சுடுவதற்குத் தோட்டா இல்லை. இருந்தாலும் அவர்கள் எடுத்த முடிவு சரியானது என்றே நான் நினைக்கிறேன்.

.450/400 என்பது இந்தியாவுக்கு மிகவும் வேண்டப்பட்ட விட்டம். 1900-களின் தொடக்கத்தில் ஆங்கில அரசு .450 விட்டத் தோட்டாக்களை இங்கே தடை செய்தது. அந்த விட்டத்து ராணுவத் தோட்டாக்கள் கிளர்ச்சிக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்ற அச்சமே காரணம். .470, .465 போன்ற புது விட்டங்கள் பிறந்தது அந்தத் தடையால்தான். பெயரில் 450 இருந்தாலும் குண்டின் விட்டம் .400-ஐ ஒட்டியதாகையால் .450/400 அந்தத் தடைக்குள் வரவில்லை. ஜிம் கார்பெட் ஆட்கொல்லிகளைத் தேடிச் சென்றபோது எடுத்துச் சென்றவற்றில் ஜெஃப்ரி நிறுவனத்தின் .450/400 இரட்டைக்குழலும் ஒன்று. நம் அஞ்செட்டிப் பக்கக் காடுகளில் திரிந்த கென்னத் ஆண்டர்சனோ இரட்டைக்குழலை நாடாமல் .405 விட்ட வின்செஸ்டர் 1895 ரைஃபிளையே நம்பினார். இரண்டும் நடுத்தர விட்டங்களே.

மாப்பிள்ளைக்கும் முதலில் .450/400 மீதுதான் கண். அந்த ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். சிறு வயதில் அவனும் அந்தத் திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய்த் துணியை நீட்டியவன்தான். ஆனால் துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது எந்த விலங்கு, எவ்வளவு தூரம், எந்தச் சட்டம் என்ற மூன்றையும்தான். நமீபியாவில் குழல்வாயை விட்டு வெளியேறும் குண்டுக்கு இருக்க வேண்டிய ஆற்றலைச் சட்டம் ஜூல் கணக்கில் சொல்கிறது. ஸ்பிரிங்பாக் போன்ற சிறு மான்களுக்கு 1,350 ஜூல். கூடு, ஜெம்ஸ்பாக், ஈலண்ட் போன்ற பெரிய மான்களுக்கு 2,700 ஜூல். காட்டெருமை, யானை போன்றவற்றுக்கு 5,400 ஜூல்.

இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தோட்டாக்களைப் பார்த்தால் பல மயக்கங்கள் தீர்ந்துவிடும். .450/400-இன் 400 கிரெயின் (சுமார் 26 கிராம்) குண்டு, பழைய அளவின்படி விநாடிக்கு 2,150 அடி வேகத்தில் போனால் சுமார் 5,550 ஜூல் வருகிறது, காட்டெருமைக்கான எல்லையைத் தாண்டுகிறது. அதே குண்டை 2,050 அடி வேகத்தில் அனுப்பும் தொழிற்சாலைத் தோட்டாவை வாங்கினால் சுமார் 5,050 ஜூல்தான். எல்லைக்குக் கீழே நிற்கிறது. .375 விளிம்புத் தோட்டா (அடிப்பாகத்தில் வெளியே நீட்டிய விளிம்புள்ளது), 300 கிரெயின் குண்டோடு 2,400 அடி வேகத்தில் 5,200 ஜூலைச் சுற்றி வந்து மயிரிழையில் தவறுகிறது. அதன் உடன்பிறப்பான, விளிம்பில்லாத .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் தாண்டிவிடுகிறது. ஆனால் விளிம்பில்லாத தோட்டாவை, குழல்களை மடக்கித் திறக்கும் மடக்குத் துப்பாக்கியில் வெளியே இழுக்கச் சிறிய வில் கொக்கிகள் வேண்டும், அந்தக் கொக்கியில் தூசி சேர்ந்தால் இக்கட்டான நேரத்தில் காலிக்கூடு உள்ளேயே தங்கிவிடும். இரட்டைக்குழலுக்கு விளிம்புள்ள தோட்டாவே இயல்பானது என்பது என் உறுதியான கருத்து.

9.3 மில்லிமீட்டர் விட்டமும் விளிம்பும் உள்ள 9.3×74ஆர் என்ற ஜெர்மானியத் தோட்டாவுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான். 1900-ஐ ஒட்டிப் பிறந்த இது, 285 அல்லது 286 கிரெயின், அதாவது 18.5 கிராம் குண்டை ஏறக்குறைய 2,360 அடி வேகத்தில் அனுப்பி 4,700 ஜூலுக்கு மேல் தருகிறது. பெரிய மான்களுக்கான எல்லையைப்போல இது கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் மடங்கு. எருமைக்கு அந்நாட்டில் இது செல்லாது.

“எருமைக்கும் சேர்த்து ஒன்றாகவே வாங்கிவிட்டால் என்ன, மாமா?” என்று அவன் கேட்டான்.

“எத்தனை முறை எருமைக்குப் போகப் போகிறாய்?” என்று கேட்டேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, வாழ்நாளில் ஒருமுறை போனாலே அதிகம் என்றான். அந்த ஒரு நாளுக்காக மற்ற எல்லா நாளும் ஒரு கிலோ கூடுதலாகத் தோளில் சுமக்க வேண்டாம் என்று நான் சொன்னதை ஏற்றுக்கொண்டான். தேன்கனிக்கோட்டையிலுள்ள .450/400 ஏறக்குறைய நாலரைக் கிலோ. நாங்கள் வாங்கிய 9.3-ஐத் தராசில் வைத்தபோது தொலைநோக்கி இல்லாமல் 3.4 கிலோ காட்டியது. நாள் முழுவதும் தடம் பார்த்து முள்ளுக்குள் நடப்பவனுக்கு இந்த வேறுபாடு மாலை நான்கு மணிக்குப் புரியும். களைத்த கை நடுங்கிச் சுடுவதில்தான் விலங்கு அடிபட்டு ஓடுகிறது.

இந்தத் தோட்டாவில் எனக்குப் பிடித்த இன்னொன்று அதன் உள்ளழுத்தம். ஐரோப்பிய அளவையில் இதன் உச்ச அழுத்தம் 3,400 பார் (அழுத்த அலகு); அதே குண்டைச் சுடும், விளிம்பில்லாத 9.3×62-க்கு 3,900, .375 ஹாலண்டுக்கு 4,300. மடக்குத் துப்பாக்கியின் கீலும் பூட்டும் தாங்க வேண்டியது அந்த அழுத்தத்தைத்தான். அழுத்தம் குறைந்தால் காலிக்கூடு சுவரில் இறுகாமல் எளிதாக வெளிவரும், வெயிலில் சூடேறிய தோட்டாவால் வரும் தொல்லையும் குறையும். கத்திரி வெயிலுக்குப் பழகிய நமக்கே அந்த ஊர் நவம்பர் வெயில் கடுமையாகத்தான் இருந்தது.

கடைகளில் பார்த்தது மொத்தம் ஐந்து ரைஃபிள்கள். புதியவற்றின் விலையைக் கேட்டதும், அந்தப் பணத்தில் நம் ஊரில் நல்ல கார் ஒன்று வாங்கலாமே என்று தோன்றியதால், பழையவற்றையே பார்ப்பது என்று முடிவு செய்தோம். பழைய இரட்டைக்குழலை வாங்குவது பழைய மாட்டை வாங்குவது போன்றது. சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாரும் கயிற்றைக் கையில் வாங்க மாட்டார்கள்.

முதல் கடையில், கண்ணுக்கு மிக அழகான, பக்கத் தகடுகளில் யானையும் சிங்கமும் செதுக்கிய ஒரு ரைஃபிளைக் காட்டினார்கள். இரண்டு குழலிலும் வெடிமருந்தில்லாத பயிற்சித் தோட்டாக்களைப் போட்டு, ஒரு பூட்டை மட்டும் விடுத்தேன். பிறகு மறு பூட்டு ஏற்றிய நிலையிலேயே இருக்க, பின்கட்டையின் ரப்பர் அடியைத் தரையிலிருந்த பாயின்மேல் உள்ளங்கையளவு உயரத்திலிருந்து தட்டினேன். டக்கென்று உள்ளே ஒரு சத்தம். இரண்டாவது பூட்டும் தானாக விழுந்துவிட்டது. சுத்தியைப் பிடித்து நிறுத்தும் கொக்கியின் முனை தேய்ந்திருந்தது. உண்மைத் தோட்டாவோடு முதல் குழலைச் சுட்டிருந்தால், அந்தப் பின்னுதைப்பிலேயே இரண்டாவது குழலும் வெடித்திருக்கும். தோள் எலும்பு முறிவது ஒருபுறம் இருக்க, இரண்டாம் குண்டு எந்தத் திசையில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கடைக்காரர் முகம் வெளுத்துவிட்டது. அவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை என்றே நினைக்கிறேன். செதுக்கு வேலைப்பாட்டைப் பார்த்து மயங்கி வாங்க இருக்கும் எவரும் இந்த ஒரு சோதனையையாவது செய்துவிட்டுப் பணத்தை எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நாங்கள் இறுதியில் வாங்கியது ஜெர்மனியின் சூல் நகரத்து மெர்க்கல் நிறுவனத்தின் 140 வகை ரைஃபிள். ஒருவர் கையிலிருந்து மாறியது. 1875-இல் காப்புரிமை பெற்ற ஆன்சன் அண்ட் டீலி பூட்டமைப்புதான் இதிலும் உள்ளே இருக்கிறது. மடக்கும்போதே இரண்டு சுத்திகளும் ஏறிவிடும் அந்த ஏற்பாட்டில் உறுப்புகள் மிகக் குறைவு, ஒவ்வொன்றும் தடிமனானது, திறந்து பார்த்தால் எதற்கு எது என்று உடனே விளங்கும். குழல்களுக்கு மேலுள்ள நீட்சியின் துளையில் கிரீனர் முறைக் குறுக்குத் தாழ் நுழைந்து பூட்டுகிறது. அடியில் இரண்டு கொக்கிகள் வேறு. வலக் குழலுக்கு முன்விசை, இடக் குழலுக்குப் பின்விசை. ஒற்றை விசையுள்ள வகைகளும் கிடைக்கின்றன. ஆனால் இரண்டு விசை என்றால் இரண்டு முழுப் பூட்டு, ஒன்று பழுதானாலும் மற்றது தனியே வேலை செய்யும். ஒரே கட்டையில் இரண்டு ரைஃபிள்களைச் சுமப்பதற்காகத்தானே இவ்வளவு விலை கொடுக்கிறோம்.

ஈயப்பற்றைச் சோதிக்கத் தேன்கனிக்கோட்டைத் திண்ணையில் செய்ததையே அங்கும் செய்தேன். மணியோசை நீண்டு அடங்கியது. அடுத்து, தாழும் கொக்கியும் உண்மையிலேயே படிகின்றனவா, அல்லது பெயருக்கு உள்ளே நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பூசை அலமாரியிலிருந்து ஒரு வில்லை கற்பூரத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, பின்கட்டுக்குப் போய், கற்பூரத்தை ஏற்றி அதன் புகையில் அடிக்கொக்கிகளைக் காட்டினேன். மென்மையான கரி சீராகப் படிந்தது. ஒருமுறை மூடித் திறந்தபோது, உலோகம் உலோகத்தை அழுத்திய இடத்திலெல்லாம் கரி துடைக்கப்பட்டுப் பளபளப்பு தெரிந்தது: இரண்டு கொக்கிகளின் பின்முகத்திலும் முழு அகலத்துக்கு, குறுக்குத் தாழில் முக்கால் பங்குக்கு. குழலின் அடிமுகம் எதிர்த்தட்டோடு சேருமிடத்தில் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தேன். நூலிழை வெளிச்சமும் தெரியவில்லை. படையில் துப்பாக்கிக் குறிமுனையின் பளபளப்பை மறைக்க இதே கற்பூரக் கரியைப் பூசிய நாட்கள் நினைவுக்கு வந்தன. இதுவரை பேசாமல் நின்றிருந்த கடையின் வயதான தொழிலாளி, அந்த வெள்ளை வில்லையை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, மீதியைத் தனக்குத் தர முடியுமா என்று கேட்டார். கொடுத்துவிட்டு வந்தேன்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்த மதிப்பீட்டின் மையம். இரட்டைக்குழல் ரைஃபிளின் இரண்டு குழல்களும் பார்வைக்கு இணையாகத் தெரிந்தாலும் இணையானவை அல்ல. முன்னோக்கிச் செல்லச் செல்ல மிகச் சிறிதளவு நெருங்குகின்றன. வலக் குழல் சுடும்போது உதைப்பு தோளின் நேர்க்கோட்டுக்கு வலப்புறமாக விழுவதால், குண்டு குழலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும் அந்த நொடியின் சிறு பின்னத்திலேயே ரைஃபிள் வலப்பக்கமும் மேலுமாகத் திரும்பத் தொடங்கிவிடுகிறது. இடக் குழலில் அது இடப்பக்கம். அந்தத் திருப்பத்தை ஈடுகட்டவே குழல்களைச் சாய்த்துப் பற்றவைக்கிறார்கள். தொழிற்சாலையில் ஒருவர் சுட்டுப் பார்த்து, பற்றை உருக்கி, குழல்வாய்களுக்கு நடுவிலுள்ள ஆப்பை நகர்த்தி, மீண்டும் சுட்டு, இரண்டும் ஒரே இடத்தில் சேரும்வரை இந்த வேலையைச் செய்கிறார். இரட்டைக்குழலின் விலையில் பெரும்பங்கு இந்தப் பொறுமைக்கே போகிறது.

இதன் விளைவு ஒன்றை வாங்குவோர் பலரும் மறந்துவிடுகிறார்கள். அந்த இணக்கம் குறிப்பிட்ட எடையும் வேகமும் கொண்ட ஒரு தோட்டாவுக்கே உரியது. அதைவிட வேகமான தோட்டாவைப் போட்டால், குழல் போதுமான அளவு திரும்பும் முன்பே குண்டு வெளியேறிவிடும். வலக் குழலின் குண்டு இடப்பக்கமும் இடக் குழலின் குண்டு வலப்பக்கமுமாகக் குறுக்கே போகும். மெதுவான தோட்டாவைப் போட்டால், குழல் அதிகம் திரும்பிய பிறகு குண்டு வெளியேறி இரண்டும் அகன்றுபோகும். ஆகவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த ரைஃபிள் எந்தத் தோட்டாவுக்குச் சீர்செய்யப்பட்டது என்பது. இரண்டாவது, அந்தத் தோட்டா இந்த ஊரில் தொடர்ந்து கிடைக்குமா என்பது. இரண்டுக்கும் தெளிவான விடை வராவிட்டால், எவ்வளவு புகழ்பெற்ற பெயராக இருந்தாலும் வெளியே வந்துவிடுவது நல்லது.

எங்கள் மெர்க்கலோடு அதன் பழைய சோதனைத் தாளும் வந்தது, 18.5 கிராம் குண்டுக்குச் சீர்செய்யப்பட்டதாக அதில் இருந்தது. பணம் கொடுக்கும் முன்பு சுட்டுப் பார்க்கக் கடைக்காரர் ஒப்புக்கொண்டார். ஊருக்கு வெளியே ஒரு பண்ணையின் சுடுகளத்தில், 50 மீட்டரில் தாளை ஒட்டி, மணல் மூட்டையின்மேல் என் இடக்கையை வைத்து, கையின்மேல் முன்கட்டையைத் தாங்கிச் சுட்டேன். குழலை நேரடியாக மூட்டையில் வைத்தால் உதைப்பின் போக்கு மாறி விடை பொய்யாகிவிடும். வலம், இடம் என்று இரண்டு. திறந்துவைத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டு மீண்டும் வலம், இடம். நான்கு ஓட்டைகளும் ஒரு தேநீர்க் கோப்பையின் வாய்க்குள் அடங்கின. நூலை வைத்து அளந்தால் 5 சென்டிமீட்டர். வல இரண்டும் வலப்பக்கத்தில், இட இரண்டும் இடப்பக்கத்தில், நடுவில் ஒரு விரல் இடைவெளியோடு இருந்தன. நான் எதிர்பார்த்தது இதைத்தான். 50 மீட்டரிலேயே சேர்ந்துவிட்டால் அதற்கப்பால் குறுக்கிடத் தொடங்கும். கொஞ்சம் விலகியே நின்றால் நூறு மீட்டருக்கும் நம்பிப் போகலாம்.

பிறகு மாப்பிள்ளையின் ஐயத்தைத் தீர்க்க, அதே களத்தில் 16.7 கிராம் இலகுக் குண்டுள்ள, வேகமான தோட்டாவையும் சுட்டோம். வலக் குழலின் ஓட்டை இடக் குழலின் ஓட்டைக்கு 7 சென்டிமீட்டர் இடப்பக்கமாகப் போய் விழுந்தது. இரண்டும் முன்பைவிடக் கீழே இருந்தன. அவன் தாளைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தத் தாள்கள் இரண்டையும் சட்டமிட்டு மாட்டிவைக்கச் சொல்லியிருக்கிறேன். நூறு பக்கம் படித்தாலும் வராத தெளிவு அதில் இருக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் குறை ரைஃபிளுடையது அல்ல, எங்கள் அவசரத்துடையது. ஐரோப்பிய உடலமைப்புக்காகச் செய்த பின்கட்டை, ஐந்தரை அடி உயரமுள்ள மாப்பிள்ளைக்கு ஒரு அங்குலம் நீளம். தோளில் ஏற்றும்போது சட்டையில் சிக்கியது. அதைக் குறைக்க ஒரு தொழிலாளியிடம் கொடுத்தோம். அவர் நீளத்தைச் சரியாக அறுத்தார். ஆனால் அடிமுகத்தின் சாய்வைக் கவனிக்கவில்லை. அதனால் கட்டையின் கீழ்முனை மட்டும் தோளில் பதிந்து, ஒவ்வொரு சுடுதலுக்கும் குழல்வாய் துள்ளி, மேல்விளிம்பு கன்னத்து எலும்பில் அடித்தது. ஐந்து தோட்டாவுக்குள் அவன் கன்னம் கன்றிப்போயிற்று. அதைவிடக் கெடுதலாக, விசையை இழுக்கும்போது கண்ணை மூடும் பழக்கமும் தொற்றிக்கொண்டது. ரப்பர் தகட்டுக்கு அடியில் ஆப்புப் போன்ற மெல்லிய மரத்துண்டை நானே இழைத்து வைத்துச் சாய்வைத் திருத்தினேன். கண்மூடும் பழக்கம் போகத்தான் இரண்டு மாதம் ஆனது. தினமும் பயிற்சித் தோட்டாவைப் போட்டுச் சுவரைக் குறிபார்த்தே அதைப் போக்கினான். உயரம் குறைந்த நம்மவர்கள் யாராயினும் கட்டையின் நீளத்தோடு அந்தச் சாய்வையும் எழுதிக் கொடுத்து வேலை வாங்க வேண்டும்.

இரண்டாவது, தொலைநோக்கி. அறுபது மீட்டருக்குள் திறந்த குறிகளே போதும், அகன்ற வி வடிவப் பின்குறியும் வெள்ளி முத்து முன்குறியும் அரைவெளிச்சத்தில் கண்ணுக்கு உடனே படுகின்றன. ஆனால் புதருக்குள் கொம்பைப் பிரித்தறிய, ஒன்று முதல் நான்கு மடங்கு உருப்பெருக்கமுள்ள சிறு தொலைநோக்கி உதவுகிறது என்று அவன் பொருத்திக்கொண்டான். அது சேர்ந்ததும் எடை நான்கு கிலோவைத் தொடுகிறது, கையில் இருந்த சமநிலையும் சற்றே மேலே போய்விடுகிறது. நான் அதை விரும்பவில்லை, அவன் விரும்புகிறான், சுமப்பவன் அவன்.

மூன்றாவது, தோட்டாவின் விலை. 9.3×62-ஐவிட இந்த விளிம்புத் தோட்டா எப்போதும் விலை அதிகம், எல்லாக் கடையிலும் இருப்பதில்லை. ஒரே தொகுதி எண்ணுள்ள பெட்டிகளாகப் பார்த்துப் பத்துப் பெட்டி வாங்கி அடுக்கச் சொன்னேன். இருநூறு தோட்டா ஒரு வேட்டைக்காரனுக்குப் பல ஆண்டுகளுக்குக் காணும்.

களத்தில் இந்த ரைஃபிள் எப்படி நடந்துகொண்டது என்பதை ஒரு நாளை வைத்துச் சொல்கிறேன். வாட்டர்பெர்க் மேட்டுநிலத்தின் அடிவாரத்தில், நம் அஞ்செட்டி மலைச்சரிவில் உசிலையும் கருவேலமும் பின்னிக் கிடப்பதைப்போலவே முள்மரங்கள் அடர்ந்த பண்ணை அது. உரிமம் பெற்ற வேட்டை வழிகாட்டி, தடம் பார்ப்பவர், மாப்பிள்ளை, நான்காவதாக வெறுங்கையோடு நான். முறுக்குக் கொம்புள்ள முதிர்ந்த கூடு மான் ஒன்றைக் காலையிலிருந்து தொடர்ந்து, நண்பகலுக்குச் சற்று முன் அறுபது மீட்டரில் நிழலுக்குள் கண்டோம். மாப்பிள்ளை முன்விசையை இழுத்தான். குண்டு தோளுக்குப் பின்னால் பட்டதை நானே பார்த்தேன். ஆனால் அது வலப்பக்கம் பாய்ந்தது. போல்ட் ரைஃபிளாக இருந்தால் கையைக் கட்டையிலிருந்து எடுத்து, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, மறுபடி குறிபார்க்க வேண்டும். இவன் விரல் மட்டும் பின்விசைக்கு நகர்ந்தது. ஒன்றரை விநாடிக்குள் இரண்டாம் குண்டும் போய்ச் சேர்ந்தது. கூடு இருபது அடிக்குள் விழுந்து, நாங்கள் போய்ச் சேரும்போது அடங்கிவிட்டிருந்தது. உயிரை எடுப்பது என்று ஆனபின், அது வலியோடு மணிக்கணக்கில் முள்ளுக்குள் அலையாமல் பார்த்துக்கொள்வது சுடுபவனின் கடமை. அந்த இரண்டாவது குழலுக்காகவே இந்த ரைஃபிளுக்குக் கொடுத்த பணம் தகும் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். இறைச்சியில் பெரும்பகுதி பண்ணைத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் பகிரப்பட்டது. மீதியை உப்பும் மல்லித்தூளும் தடவிக் காயப்போட்டார்கள், நம் பக்கத்து உப்புக்கண்டத்தைப் போலவே.

காலிக்கூடுகளைத் தானாக வெளியே எறியும் எஜெக்டர் இதில் இருக்கிறது. இரண்டு பருவத்திலும் ஒருமுறைகூட அது தவறவில்லை. திறக்கும்போது எழும் அந்தக் ‘கிணிங்’ ஓசையைத் தவிர்க்க, எஜெக்டர் இல்லாததே மேல் என்று அந்த வழிகாட்டி சொன்னார். மான் வேட்டைக்கு அவர் சொல்வது நியாயம்தான், நாங்கள் மாற்றவில்லை. பாதுகாப்புத் தாழ் ஒவ்வொரு முறை மூடும்போதும் தானாகப் பின்னுக்கு வருமா, வராதா என்பதையும் வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். எங்களுடையது வராத வகை. ஆபத்தான விலங்கை எதிர்கொள்பவர்களுக்கு அதுவே உகந்தது. புதிதாகப் பழகுபவருக்கு, தாழைக் கையால் பின்னுக்கு இழுத்தபின்தான் நடக்க வேண்டும் என்ற ஒழுக்கம் எலும்பில் ஊறும்வரை யாராவது பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

பராமரிப்பில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். எண்ணெய் விட்டதும் ரைஃபிளைக் கட்டை கீழாகச் சாத்தி வைக்கும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. எண்ணெய் மெல்ல இறங்கி, பூட்டு மரத்தோடு சேருமிடத்தில் ஊறி, சில ஆண்டுகளில் மரத்தைப் பஞ்சுபோல மென்மையாக்கிவிடும். அதன்பின் ஒவ்வொரு உதைப்புக்கும் அங்கே விரிசல் விடும். தேன்கனிக்கோட்டை ரைஃபிளில் அந்தக் கறுத்த ஈரத்தழும்பு இன்றும் இருக்கிறது. சுத்தம் செய்த முதல் இரவு குழல்வாய் கீழாக, பழைய துணியின்மேல் நிறுத்தி வைக்கும்படி மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன்.

சென்ற மாதம் தொலைபேசியில் பேசினான். இதுவரை 63 தோட்டாக்கள் சுட்டாயிற்று; 50 மீட்டரில் இன்னமும் அதே கோப்பை வாய்க்குள்தான் விழுகின்றனவாம். கற்பூரம் ஏற்றிப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்துவிட்டு, கரி துடைபட்ட இடங்களைப் படமெடுத்தும் அனுப்பினான். குறுக்குத் தாழில் படிவு சிறிதும் குறையவில்லை. இதே உடலில் பொருத்திக்கொள்ள, கினிக்கோழிக்காக 20 போர் ரவைக்குழல் ஒரு சோடி செய்து வாங்கலாமா என்று இப்போது கேட்கிறான். குழல்களைப் புதிதாகப் பொருத்த ரைஃபிள் முழுவதையும் சூல் நகரத்துக்கே அனுப்ப வேண்டியிருக்கும், அடுத்த பருவம் தொடங்கும் முன் திரும்பி வருமா என்பதை எழுதிக் கேட்டபின் முடிவு செய்யலாம் என்று சொல்லியிருக்கிறேன்.